பயணச்சீட்டு வைத்த பக்கம்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் சாயங்காலப் பேருந்தில் பாதி மலைவரை போனுக்கு டவர் கிடைக்காது. ஒரு வளைவைத் தாண்டியதும் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சத்தம் போடும். அன்றைக்கும் போட்டன. "ஏழுமலை சார் தவறிட்டாராம்" என்று பின்சீட்டில் யாரோ சொன்னார்கள். நான் என் போனை வெளியே எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். கள்ளக்குறிச்சியில் எல்லோரும் இறங்கிய பிறகும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்களில் அந்தப் பேருந்தில் தினமும் வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைமேல் ஒரு வங்கிக் கிளையில் அவர் கிளார்க். அதே ஊர்ப் பள்ளியில் நான் ஆசிரியை. புத்தகக் கண்காட்சி வந்தால் இருவரும் போட்டி போட்டு வாங்குவோம், படிப்பது மட்டும் கிடையாது. போன தை மாதம் அவர்தான் பேச்சை எடுத்தார். "இந்த வருசம் ஒண்ணுகூட வாங்கக் கூடாது டீச்சர். பீரோவுல தூங்கறத மொதல்ல எழுப்பலாம்."

ஒரே புத்தகத்தை இருவர் ஒரே பேருந்தில் படிப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பிளேடால் புத்தகத்தின் முதுகை அறுத்து மூன்று பாகமாக்கி, ஒவ்வொன்றையும் கோணி ஊசியால் தைத்துவிடுவார். ஒரு பாகத்தை முடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். முதல் தடவை எனக்கு வயிறு எரிந்தது. கண்டக்டர் சும்மா இருப்பாரா? "இன்னா சார், கறிக்கடையாட்டம் கூறு போட்டுக்கினு இருக்கீங்க. நெஞ்செலும்பு யாருக்கு?" என்றார். "மொதல்ல டீச்சருக்கு சூப்பு வைக்கணும்" என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

நான் பயந்தாங்கொள்ளி. முதல் வளைவிலேயே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தால் வெள்ளிமலையில்தான் விடுவேன். கதையிலும் அப்படித்தான். ஒரு நாவலில் சின்னப் பையன் தனியாகக் கிணற்றுப் பக்கம் போனான். அதற்குமேல் படிக்க முடியாமல் மூடிவிட்டேன். "கெணத்துக்குப் போறவன்லாம் வுழுந்துடறது இல்ல டீச்சர்" என்று அவர் தன் கையிலிருந்த பாகத்தைப் புரட்டினார். உதடு அசையப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பொழச்சிக்கினான். படிங்க." அதன்பிறகு வருடம் முழுக்க இதுவே வழக்கமானது. அவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார், நான் பின்னால் போவேன்.

ஒருமுறை பொய் சொன்னார். ஒரு கதையில் பிழைத்துவிடுவாள் என்று அவர் சொன்ன மருமகள் கடைசியில் செத்துப்போனாள். நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். "நெசத்த சொல்லியிருந்தா அவ கூட அவ்ளோ தூரம் போயிருப்பீங்களா?" என்றார். போயிருக்க மாட்டேன்தான். ஆனாலும் ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பீரோவில் கடைசியாக மிஞ்சியது ஒரு தடித்த புத்தகம். இரண்டாம் பாகத்தின் முடிவில், காட்டுக்கு விறகுக்குப் போன மகள் திரும்பாமல், தாய் அரிக்கேன் விளக்கோடு தேடிப் புறப்படுகிறாள். மூன்றாம் பாகத்தோடு அவர் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் ஏதோ அடைப்பு என்று பேசிக்கொண்டார்கள். நான் போன் செய்தபோது, "சும்மா டெஸ்ட்டுதான் டீச்சர். பயப்படாதீங்க. மிச்சத்த நான் வந்து சொல்றேன்" என்றார். எனக்கு அந்தப் பழைய பொய்தான் ஞாபகம் வந்தது. இதுவும் பொய்யா என்று கேட்கவில்லை. கேட்டால் நிஜத்தைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் மனைவி கஸ்தூரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து அந்தப் பாகத்தை எடுத்து என் கையில் வைத்தார். நடுவில் ஒரு பேருந்துச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மத்தியானம் படிச்சிக்கினே இருந்தாரு டீச்சர். திடீர்னு மூடி வச்சிட்டு என் கையப் புடிச்சிக்கினாரு. அதோட சரி. அதுல யாராவது சாவறாங்களா? அதப் படிச்சிட்டுப் பயந்துட்டாரா? எனக்கு அதுதான் தெரியணும். தொறந்து பாக்கப் பயமா இருக்குதுங்க."

மறுநாள் பேருந்தில் பிரித்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வழக்கம்போல ஒரு கை கம்பியில். ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் தூக்கி எட்டிப் பார்த்துத்தான் திருப்பினேன். சாவு இங்கே இருக்குமோ, இங்கே இருக்குமோ என்று. ஆனால் அவர் போன வழிதானே என்று சொல்லிக்கொண்டே சீட்டு வைத்த பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். தாய் பள்ளத்தின் விளிம்பில் நின்று மகள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். தூரத்திலிருந்து ஒரு குரல் பதில் கொடுக்கிறது. பக்கம் அங்கே முடிகிறது.

அன்று மாலை இறங்கியதும் கஸ்தூரியிடம் போனேன். "யாரும் சாவலங்க. அம்மா கூப்புடறா, பதில் கொரல் கேக்குது. அதக் கேட்டுட்டுதான் மூடியிருக்காரு."

அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் இன்னா ஆவுது டீச்சர்? அது அவ பொண்ணுதானா?" என்று கேட்டார்.

"தெரியலங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

ஏழுமலை சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பக்கங்கள். அங்கே அவர் போனதில்லை; என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. எனக்குப் பின்னால் கஸ்தூரி காத்திருக்கிறார். எதுவானாலும் அவரிடம் நிஜத்தைத்தான் சொல்வேன். இன்று காலை முதல் வளைவு வந்ததும், பயத்தோடுதான், கம்பியிலிருந்து கையை எடுத்துச் சீட்டை உருவினேன்.