சித்தேரி மலையில் ஒரு கணக்கு வகுப்பு

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிப் பிள்ளைகள் திரும்பி வரும் நாள் எனக்குப் பிடிக்காது. பார்ப்பவர்களுக்கு அது கலகலப்பான நாள். கேட் வாசலில் டூவீலர்கள், தூக்க முடியாத பைகள், பாதி கடித்த கரும்பு, ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கத்தும் சத்தம். நான் மட்டும் வராந்தாவில் நின்று, யார் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் கடற்கரைக்காரி. பதினெட்டு வயதில் மடத்தில் சேர்ந்தேன். என் சபை என்னைக் கணக்குப் படிக்கவைத்து, பி.எட். முடித்த கையோடு அரூர்ப் பக்கம் அனுப்பியது. கடலே இல்லாத ஊரில் என்ன செய்யப்போகிறேன் என்று முதல் மாதம் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். இப்போது ஊருக்குப் போனால் என் அண்ணன் பிள்ளைகள், "அத்தை, நீங்க என்ன சேலத்துக்காரங்க மாதிரி பேசுறீங்க" என்று சிரிக்கிறார்கள். வகுப்பு எடுப்பதோடு விடுதிப் பொறுப்பும் என்னுடையதுதான். மலையிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகள்.

அந்த வருஷம் எல்லோரும் வந்துவிட்டார்கள். சித்தேரியிலிருந்து வரும் பத்தாம் வகுப்புக்காரி ஒருத்தி மட்டும் வரவில்லை.

அவள் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். விசில் அடிப்பாள். விடுதிச் சாம்பாரை அதன் எதிரிலேயே குறை சொல்லுவாள். மற்ற பாடங்களை எப்படியோ ஓட்டிவிடுவாள், கணக்கில் மட்டும் என்னைப் படுத்தி எடுப்பாள். "சிஸ்டர், இந்த எக்ஸ யார் கண்டுபுடிச்சதுங்க?" என்று ஒருநாள் கேட்டாள். எதற்கு என்றேன். "சும்மாதாங்க. ஒரு வார்த்தை கேக்கணும்" என்றாள். ஆனால் வகுப்பைத் தவறவிடும் பிள்ளை இல்லை.

ரெண்டு நாள் பார்த்தேன். மூன்றாவது நாளிலிருந்து அவள் அப்பாவின் எண்ணுக்குப் போட ஆரம்பித்தேன். எப்போது போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் டவர் கிடைப்பது கஷ்டம், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. காரணம், அதற்கு முந்தின வருஷம் ஒருத்தி இப்படித்தான் வராமல் போனாள். அவள் ஆத்தாவுக்கு உடம்பு முடியவில்லை, கண் மூடுவதற்குள் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டாளாம். தகவல் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பிள்ளை தாலியோடு வேறு ஊரில் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய கட்டிலை வேறு ஒருத்திக்குக் கொடுக்க எனக்கு அந்த வருஷம் முழுக்க மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவே கூப்பிட்டார். காற்று இரைகிற இடத்தில் எங்கோ நின்று பேசினார்.

"சிஸ்டர், புள்ளைய இப்ப அனுப்ப முடியாதுங்க."

"ஏங்க? ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பிக்கப்போகுதே."

"வூட்ல ஆத்தா வந்திருக்குதுங்க…" நடுவில் நான்கைந்து வார்த்தை காற்றோடு போனது. "…புள்ளைய வெளிய அனுப்பக்கூடாதுங்க. எல்லாம் முடியட்டும். அப்புறம் பாக்கலாங்க."

எது முடியட்டும் என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டேன். கிடைக்கவில்லை.

ஆத்தா வந்திருக்கிறாள். வெளியே அனுப்பக்கூடாது. எல்லாம் முடியட்டும். போன வருஷத்துக் கதையேதான் என்று பட்டது, நான் நேரே மதரிடம் போனேன். எங்கள் மடத்துத் தலைவி அவர். மெதுவாகப் பேசுபவர், அதைவிட மெதுவாக முடிவெடுப்பவர். அன்றைக்கு நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "நாளைக்குச் சனிக்கிழமைதானே, காலை பஸ்ஸுக்கே போங்க. தனியாப் போகாதீங்க" என்றார்.

என்னோடு எங்கள் இங்கிலீஷ் டீச்சர் வந்தாள். எங்கள் மடத்தில் வயதில் சின்னவள் அவள்தான். பயமே கிடையாது. அரூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்காரும்போதே குழந்தைகள் உதவி எண்ணைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டாள். "டவர் இல்லன்னா நான் கீழ ஓடி வந்தாவது கூப்பிடுவேன் சிஸ்டர். நீங்க அவங்களப் பேச்சுல பிடிச்சுவைங்க" என்றாள். நான் தலையாட்டினேன். நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேனே தவிர மணி நகரவில்லை. அந்த அப்பாவிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைச் சொல்லி ஆரம்பித்தால் முறைத்துக்கொள்வார். கெஞ்சி ஆரம்பித்தால் பிடிகொடுக்காமல் நழுவிவிடுவார்.

பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் குளிர் தெரிந்தது. பக்கத்து சீட்டில் ஓர் அம்மா, மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டு, "எந்த வூட்டுக்குங்க போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த வூட்டுக்கா? இப்பப் போகாதீங்க சிஸ்டர்."

"ஏன், என்ன அங்க?"

"அதெல்லாம் வாயால சொல்லக்கூடாதுங்க." கூடையை இழுத்து அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சின்னவள் என் முழங்கையை இடித்தாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, ஊரே மறைக்கிறது என்று நினைத்தேன்.

பஸ் நின்ற இடத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குச் சாமைக் காட்டு ஓரமாக நடக்கவேண்டும். அறுவடை முடிந்து காடு மொட்டையாகக் கிடந்தது. நான் வேகமாக நடக்கக்கூடியவள் இல்லை, அன்றைக்கு நடந்தேன். வீடு தெரிந்தது. மண் சுவர், ஓட்டுக் கூரை, பக்கத்தில் ஒரு பலா மரம். வாசலில் அவள் அம்மா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கதவை அடைத்த மாதிரி நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. போன முறை நான் வந்திருந்தபோது அதே அம்மா, கையைப் பிடித்து இழுத்துப்போய்க் களியும் கீரையும் போட்டுச் சாப்பிடவைத்தவர்.

"பொண்ணு எங்கம்மா?" என்றாள் சின்னவள், கொஞ்சம் சத்தமாகவே.

"உள்ளாரதான் இருக்குதுங்க."

"வரச்சொல்லுங்க. நாங்க பாக்கணும்."

"வெளிய வராதுங்க. வரக்கூடாதுங்க."

"யாரு சொன்னா வரக்கூடாதுன்னு? அந்த ஆத்தாவா? அவங்களக் கூப்பிடுங்க, நான் பேசுறேன்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்போதுதான் என் கண் அவர் தலைக்கு மேலே போனது. நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. வாசலோரம் ஒரு குடத்தில் மஞ்சள் கலந்த தண்ணீர், அதிலும் வேப்பிலை மிதந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சிஸ்டர்! நீங்களா? உள்ள வந்துறாதீங்க, மூஞ்சி பூராக் கொப்புளம்! பாத்தா பயந்துருவீங்க!"

அம்மை. அந்த வீட்டுக்கு வந்திருந்த ஆத்தா மாரியாத்தா.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"ஏங்க சிரிக்கிறீங்க? புள்ள எரிச்சல் தாங்காமக் கெடக்குது" என்றார் அம்மா. குரலில் நிஜமான வருத்தம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நாங்கள் என்ன நினைத்துக்கொண்டு வந்தோம் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் வாய் திறந்துகொண்டது.

"கல்யாணமா? இவளுக்கா? ஒலை கொதிச்சுப் பொங்கி அடுப்பு அணைஞ்சாக்கூட எந்திரிச்சு மூடியத் தெறக்கமாட்டாளுங்க. இவளக் கட்டிக்குடுத்தா மறுநாளே கொண்டுவந்து வுட்டுட்டுப் போயிருவாங்க."

"எம்மா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மகள்.

அதற்குள் அவள் அப்பா பின்பக்கத்திலிருந்து வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கொஞ்சம் சுண்டித்தான் போனது. "நான் அவ்வளவு தூரம் ஏறிப்போயி, டவர் கெடைக்கிற பாறையில நின்னு தெளிவாத்தானே சொன்னேங்க. ஆத்தா வந்திருக்குதுன்னேன். மூணு தண்ணி ஊத்தி முடியட்டும்ன்னேன்" என்றார். எங்கள் ஊரில் அம்மை போட்டிருக்கு என்பார்கள். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரிலும் அப்படித்தான் வரும். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்துப் பேச்சு முழுக்க எனக்கு வந்துவிட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். "நல்லதுதாங்க. வந்து பாக்கணும்னு தோணுச்சே உங்களுக்கு" என்றார்.

நர்ஸம்மா வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். எனக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து போய்விட்டது. "உனக்கு?" என்று திரும்பி இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டேன். ஆள் பக்கத்தில் இல்லை. பலா மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல சிஸ்டர்" என்றாள். அன்றைக்கு அவள் பயந்து பார்த்தது அது ஒன்றுக்குத்தான்.

கீழே போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. வெளியூர்க் காற்றோடு வந்தவர்கள் ஆத்தா இருக்கும் இடத்துக்குள் நுழையக்கூடாது என்றார் அம்மா. நான் மறுபேச்சுப் பேசவில்லை. அது அவர்கள் வீடு, அவர்கள் சாமி. வெளியே சுவரோரம் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார், உட்கார்ந்தேன். சுவரில் தலைக்கு மேலே ஒரு சின்ன சன்னல், பழைய துணியால் மூடியிருந்தது.

"சிஸ்டர், ரிவிஷன்ல என்ன வருதுங்க?" துணிக்குப் பின்னாலிருந்து குரல்.

"நீ படு. அதெல்லாம் அப்புறம்."

"படுத்துப் படுத்து முதுகு வலிக்குதுங்க. சொறியவும் வுடமாட்டேங்குது எங்கம்மா. அந்தக் காரணிப்படுத்துறது சொல்லுங்க, எனக்கு அது வரவே மாட்டேங்குது."

அவளாகக் கணக்கு கேட்டது அதுதான் முதல் தடவை. சொறிச்சலை மறக்க வேறு வழி இல்லை போலிருக்கிறது. நான் ஆரம்பித்தேன். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஐந்து எக்ஸ் பிளஸ் ஆறு. கரும்பலகை இல்லை, சாக்பீஸ் இல்லை, பிள்ளையின் முகம்கூட இல்லை. "பெருக்கினா ஆறு வரணும், கூட்டினா அஞ்சு வரணும். எந்த ரெண்டு எண்?"

துணிக்குப் பின்னால் முணுமுணுப்பு. "ரெண்டும் மூணும்."

"சரி. இப்ப, எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் பன்னிரண்டு."

"நாலு… மைனஸ் மூணு."

"கூட்டிப் பாரு."

"ஐயோ. பிளஸ் ஒண்ணு வருது." மறுபடி முணுமுணுப்பு. "மைனஸ் நாலு, பிளஸ் மூணு!"

"அதேதான்."

முகம் தெரியாததால் நான் வழக்கமாகக் கேட்பதைவிடக் கூர்ந்து கேட்டேன். எந்த இடத்தில் தயங்குகிறாள், எந்த இடத்தில் ஊகித்து அடிக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. இடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ரெண்டு பேர் வந்து எட்டி நின்று பார்த்தார்கள். கன்னியாஸ்திரி ஒருத்தி சுவரோடு பேசிக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். அம்மா புளியைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "போதுங்க சிஸ்டர், மண்டைக்குச் சூடு ஏறிரும்" என்று வகுப்பை முடித்துவைத்தார்.

கிளம்பும்போது, "வரேம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அம்மை இருக்கும் வீட்டில் வரேன் என்று சொல்லக்கூடாதாம். ஆத்தாவும் திரும்ப வந்துவிடுவாளாம். அதனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தோம்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். அத்தனை வளைவிலும் ஒருமுறைகூட விழிக்கவில்லை என்று சின்னவள் சொன்னாள். எங்களைப்போல வாழ்கிறவர்களுக்குக் குடும்பக் கவலை கிடையாது என்று வெளியில் பலரும் நினைக்கிறார்கள். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு இறங்காத சோறு அன்றைக்கு ராத்திரிதான் இறங்கியது. மதர், "கல்யாணம் நின்னுச்சா?" என்று கேட்டார். "கல்யாணமே இல்ல மதர், அம்மை" என்றேன். சாப்பாட்டு மேசையில் மௌனம் காக்கவேண்டிய நாள் அது. மதர்தான் முதலில் சிரித்தார்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றியபின் அவள் அப்பா அவளைக் கொண்டுவந்து விட்டார். நெற்றியிலும் கன்னத்திலும் தழும்பு. மற்ற பிள்ளைகள் கேட்டபோது, புலி அடித்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொதுத்தேர்வு எழுதினாள். ரிசல்ட் வந்த காலையில் நான் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரவில்லை. தோட்டத்தில் கொத்தவரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். சின்னவள் ஓடிவந்து, "பாஸ்! உங்க சித்தேரிக்காரி எல்லாத்துலயும் பாஸ்!" என்றாள். கணக்கில் பார்டரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலேயே வாங்கியிருந்தாள்.

பதினொன்றாம் வகுப்பில் சேர அப்பாவோடு வந்தாள். எந்த குரூப் என்று கேட்டேன். கணக்கு இல்லாத குரூப் எது என்று கேட்டாள். அப்பா அவளை முறைத்தார், பிறகு என்னைப் பார்த்து, "கோச்சுக்காதீங்க சிஸ்டர்" என்றார். கோபம் எங்கே வரும்? அவள் எடுத்த குரூப்பில் அவளுக்கு நான் டீச்சர் இல்லை. ஆனால் ஹாஸ்டல் என்னுடையதுதானே. மாடி ஹாலில் காற்று வரும் பக்கமாக ஒரு கட்டிலைக் காட்டி, பெட்டியைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன்.