வாழைமட்டைக் கண்ணாடித்தாள்

தட்டையாக எது கையில் கிடைத்தாலும், அப்துல் ரவூப் முதலில் அதன் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பான். தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். பரீட்சைத் தாள், ரொட்டி, கைக்குட்டை, எதையும் விட்டதில்லை. என் பி.எஸ்ஸி. சான்றிதழையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல தாளுதான் வே, தாங்கும்" என்றான். எங்கள் குடும்பத்தில் யாரும் வாங்காத பட்டம் அது. அவன் தாளை மட்டும்தான் பாராட்டினான்.

ஐந்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. அவன் வாப்பா வேலை பார்த்த தோல் கிடங்கிலேயே சேர்ந்தான். ஈரத்தோலைப் பலகையில் விரித்துக் காயவைக்கிற வேலை.

1943-இல் யுத்தம் காரணமாக, பிஸ்கட் சுற்றும் கண்ணாடித்தாள் சீமையிலிருந்து வருவது நின்றுபோனது. அதை வாழைமட்டையிலிருந்து செய்து பார்க்க, மாட்டுங்காவில் திருவேங்கடம் என்பவர் ஒரு ஷெட் போட்டார். நான் அவருக்குக் கெமிஸ்ட். பாரம் தூக்க ஆள் கேட்டபோது ரவூபை நான்தான் அழைத்துப் போனேன். அவன் எனக்குக் கீழே வேலை செய்யப் போகிறான் என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நட்பு என்றே அப்போது நினைத்தேன்.

பம்பாய்க்கு வடக்கே வசை என்ற ஊரின் வாழைத்தோப்புகளில் குலை வெட்டியபின் எறிந்த மட்டைகள் வண்டியில் வரும். நறுக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்தால் பஞ்சு போல ஒரு கூழ் கிடைக்கும். மயில்துத்தமும் அமோனியாவும் சேர்ந்த கரைசலில் அது நீலக் குழம்பாகக் கரையும். கண்ணாடிப் பலகையில் மெல்லிசாகப் பரப்பி நீர்த்த அமிலத்தில் இறக்கினால், நீலம் போய் கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு மிஞ்சும். அதுவரை எனக்கு எல்லாம் சரியாக வந்தது. காயும்போதுதான் சுருண்டுவிடும்.

"என்னப்பா, இன்னிக்கும் அப்பளந்தானா? எண்ணெய் வைக்கச் சொல்லட்டுமா?" என்பார் திருவேங்கடம்.

பணம் போட்டிருந்த கம்பெனிக்காரர்கள் ஆகஸ்ட் கடைசியில் வருவதாக இருந்தது. சுருக்கமில்லாத ஒரு தாளைக் காட்டினால் எனக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் ஷெட்டை மூடிவிடுவார்கள்.

மரச்சட்டத்தில் இறுக்கி ஆணி அடித்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் கிழிந்தது.

"இப்படிக் கட்டிப்போட்டா கிழியாம என்ன செய்யும்?" என்றான் ரவூப். "காயக் காய அது உள்ள வரப் பாக்கும். நாம விட்டுக்குடுக்கணும் வே."

"இது தோல் இல்லை, ரவூப். செல்லுலோஸ்."

"பேரு என்னவா வேணா இருக்கட்டும். ஈரம் போனா சுருங்குதுல்லா?"

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக வந்து ஒரு தாள் செய்திருக்கிறான். ஓரங்களை மூங்கில் சிம்புகளில் சுருட்டி, சிம்புகளை நூலால் ஆணிகளில் கட்டி, காயக் காய நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியிருக்கிறான். திங்கள் காலை ஜன்னலில் மாட்டியிருந்தது. அதன் வழியே ரயில் பாதை வளையாமல் தெரிந்தது. நான் வெகுநேரம் குறை தேடினேன். ஒரு மூலையில் சின்னதாகக் காற்றுக்குமிழி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

திருவேங்கடம் சார் அப்போது பூனா போயிருந்தார். தங்கை நிக்காஹ்வுக்காக அன்றே ரவூப் சொந்த ஊரான மேலப்பாளையம் கிளம்பினான்.

"சார் பூனாவுலேந்து வந்ததும் காட்டிரும். எங்க இழுக்கணும், எங்க விடணும்னு வந்து சொல்லித் தாரேன். கை வச்சுப் பாத்தாத்தான் வெளங்கும். நீருதான என்னைய இங்க சேத்தீரு? அந்தக் கடன் எனக்கு இருக்கு."

'யார் பண்ணினா?' என்று சார் கேட்பார். பதிலைச் சொல்லிப் பழகினேன். 'ரவூப்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நாக்கு நின்றது. நான் செய்தேன் என்று சொல்லவும் துணிவில்லை, இன்னொன்று செய்யச் சொன்னால் என்ன ஆவது? தாளை எரிக்க மனம் வரவில்லை. செய்தித்தாளில் சுருட்டி, ஷெட்டுக்குப் பின்னால் மட்டைக் கழிவு கொட்டுகிற இடத்தில் புதைத்தேன். நானே ஒரு நல்ல தாள் செய்து காட்டிவிட்டு, பிறகு இதை எடுத்து, 'ரவூபும் ஒன்று செய்தான்' என்று பக்கத்தில் வைப்பதாக ஏற்பாடு. அதில் நியாயம்கூட இருப்பதாகப் பட்டது.

ஐந்து வாரம் மழை. சிம்பும் நூலும் வைத்து நான் செய்ததெல்லாம் கிழிந்தது, அல்லது சுருண்டது. வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ரவூப் திரும்பவில்லை. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், வேறு வழியில்லாமல் மண்ணைத் தோண்டினேன். நைந்த செய்தித்தாளும் மண்புழுக்களும் இருந்தன. நகம் அளவில் ஏதோ ஒன்று விரலில் ஒட்டி, வழுக்கிப் போனது. மட்டை மக்கும் என்று தெரிந்த எனக்கு, மட்டையில் செய்த தாளும் மக்கும் என்று தோன்றவில்லை. பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு.

வந்தவர்கள் என் தாள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார்கள். அந்த வாரமே ஷெட்டை மூடியாயிற்று.

"கடைசிவரைக்கும் அப்பளந்தான்" என்றார் திருவேங்கடம், கோபமே இல்லாமல்.

ரவூப் பம்பாய்க்குத் திரும்பவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் மேஸ்திரியாகச் சேர்ந்தான். அங்கிருந்து ஒரு தபால் கார்டு போட்டான். நான் செம்பூரில் குமாஸ்தா வேலைக்கு வந்து நாலு வருஷமாகிறது. கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"ஷெட்டை மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். என் தாளையுமா அவங்களுக்குப் பிடிக்கல? மூலையில ஒரு கொப்புளம் இருந்துச்சு, அதுதான் காரணம்னு நெனைக்கேன். மன்னிச்சுக்கிடும். நூலு தளர்த்துற வித்தையச் சொல்லித் தாரேன்னு சொன்னது பாக்கி நிக்கி. வரும்போது தீத்திருவேன்."

இன்னும் அவன் வரவில்லை. நானும் பதில் எழுதவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.