கிளெனிஸ் கேட்ட சத்தம்

நோரீன் ஹாட்ரிக்குக்கு அறுபத்தொரு வயது. தென் ஆஸ்திரேலியாவின் பீட்டர்பரோவில் பழைய கார்களைப் பழுதுபார்க்கிறவள் அவள் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். தன் பட்டறைக் கொட்டகையை விற்றுத் தொலைக்கிறேன் என்று என் பேக்கரிக்கு வரும்போதெல்லாம் சொல்வாள். விற்றதில்லை.

பிப்ரவரி வெயிலில் ஒருநாள் கிளைவ் பாஸ்மோர் தன் பழைய வேகன் காரை அவளிடம் கொண்டுவந்தார். வாரம் மூன்று முறை மனைவி கிளெனிஸை டயாலிசிஸுக்குப் போர்ட் அகஸ்டா மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற வண்டி. பின்பக்கம் ஏதோ இடிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. எங்கோ இரண்டு தடவை ஷாக் அப்சார்பர் மாற்றியும் தீரவில்லை.

"ஸ்பிரிங்தான் போயிருக்கும். நான் சொன்னா யாரு கேக்குறா?" என்றார் கிளைவ்.

நோரீன் காரின் பின்பக்கத்தை அமுக்கி விட்டாள். ஒருமுறை எழும்பி அடங்கியது; ஷாக் அப்சார்பரில் கோளாறில்லை. அடியில் படுத்து ஸ்பிரிங்கைத் தடவினாள். முறிவில்லை. தோள்வலியில் எழ மனமின்றி அப்படியே கிடந்தாள்.

பின்சீட்டிலிருந்து கிளெனிஸின் குரல் வந்தது. "வாரத்துக்கு மூணு நாள் இதுலதான் படுத்துக் கிடக்கேன், என்னை ஒருத்தரும் கேக்கலியே. பள்ளத்துல சத்தமே இல்ல. பிரேக் போட்டாத்தான் இடது பக்கம் டொக்குங்குது."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்றார் கிளைவ்.

"நீ பேசி முடிச்சாத்தானே!"

நோரீன் கம்பியை நுழைத்து நெம்பினாள். பின் அச்சை இழுத்துப் பிடிக்கும் இடது தண்டு ஆடியது. அதன் முனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையமான புஷ் நைந்திருந்தது. புஷ்ஷைத் தாங்கும் தகடோ துருவேறி வெடித்திருந்தது. புஷ்ஷை மட்டும் மாற்றினால் ஒரு மணி நேர வேலை, சத்தமும் ஒரு மாதம் அடங்கும். அப்படியே அனுப்பிவிடத்தான் நினைத்தேன் என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

"இதுல போகாத கிளைவ். தகடு பிஞ்சா வண்டி ரோட்டுல நிக்காது."

"நாளைக்கு அவளுக்கு டயாலிசிஸ் இருக்கே."

"என் வண்டிய எடுத்துட்டுப் போ. கியரை மட்டும் மெதுவா போடு, அதுவும் என்னை மாதிரி கிழம்."

இரண்டு நாள் ஆயிற்று. பெட்ரோல் டேங்கை இறக்கி, துருவை வெட்டி, தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்தாள். கார் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே புஷ் போல்ட்டுகளை இறுக்கினாள். சக்கரங்கள் தொங்கும்போது இறுக்கினால், கார் இறங்கியதும் புது ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். பிறகு பக்கத்து ஊரான ஓரோரூ போகும் சாலையில் ஓட்டிப்போய் ஏழெட்டு முறை பிரேக்கை மிதித்தாள். சத்தமே இல்லை.

அடுத்த வாரம் நோரீன் என் பேக்கரியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது கிளைவ் வந்தார். "நோரீன், திரும்பி வரும்போது கிளெனிஸ் வழியெல்லாம் தூங்கிட்டா. வீட்டு வாசல்ல எழுப்ப வேண்டியதாப் போச்சு."

"நல்லது" என்றாள் நோரீன். கண்ணை மூடி, இறைச்சி அடைத்த பேஸ்டியைப் பாதி தின்றபடி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொட்டகையை விற்கிற பேச்சை அன்று எடுக்கவில்லை.