நாற்பது நாள் மாமன்

போன மாசியில் எனக்கு அம்மை போட்டது. முப்பத்தெட்டு வயதில், மீசைக்குள்ளெல்லாம் கொப்புளம். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு வாசலில் மனைவி வேப்பிலை செருகினாள். அடுப்படியில் தாளிப்பதை நிறுத்தினாள். வீட்டில் பிரெஞ்சு டியூஷன் எடுப்பவன் நான். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. சொற்களின் பூர்வீகத்தைச் சொல்லி அறுக்க ஆளில்லாமல் போனது, அரிப்பைவிடப் பெரிய அவஸ்தையாக இருந்தது.

தவளக்குப்பத்திலிருந்து தங்கை போன் செய்தாள். மாதக் கடைசியில் அவள் மகளுக்கு வீராம்பட்டினம் கோயிலில் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே தாய்மாமன் நான்.

"இன்னாண்ணே பண்ற?"

"குவாரன்டைன்ல இருக்கேன். அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?"

தெரியாது என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். அந்தக் காலத்தில் கொள்ளைநோய்க்குப் பயந்து வெனிஸ் நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் கடலிலேயே நிறுத்திவைத்ததையும், அவர்கள் மொழியின் 'நாற்பது'தான் இந்தச் சொல்லாயிற்று என்பதையும், நம்மூரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் 'கராந்த்'தும் அதே நாற்பதுதான் என்பதையும் விளக்கினேன். மலேரியா என்றால் கெட்ட காற்று என்று தொடங்கும்போது, குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. இனி யாருக்கும் ஒட்டாது, எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார் டாக்டர். பட்டுச் சட்டையை எடுத்துத் தேய்க்கப் போட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன். காதுகுத்துக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

"இல்லண்ணே... நாப்பது நாள் ஆவலியே."

"யார் சொன்னா நாப்பதுன்னு?"

"நீதான். கப்பலையே நிறுத்தி வெச்சாங்கன்னியே. அதான் எங்க கொழுந்தனாரு மடியில வெச்சிக்கலாம்னு பேசிட்டோம்."

மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது சித்தப்பன் மடியா!

"டாக்டரே போலாம்னுட்டாரும்மா!"

"டாக்டருக்கு பிரெஞ்சு தெரியுமா? நீதானே படிச்சவன்."

என் பேச்சை ஒருவர் முழுசாக நம்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சரித்திரத்தில் சந்து தேடினேன்.

"அதுக்கு முந்தி வேற ஒரு ஊர்ல முப்பது நாள்தான் வெச்சாங்க."

"முப்பதும் ஆவலியேண்ணே."

மனைவி போனைப் பிடுங்கினாள். "இந்தாம்மா, மூணாந் தண்ணி ஊத்தியாச்சு. அம்மா எறங்கிட்டா. வாசல்ல வேப்பிலையும் எடுத்தாச்சு."

"அப்டியா அண்ணி? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அண்ணன் கப்பலப் பத்தியே பேசுது!"

கொழுந்தனார் மடி அன்றே ரத்தாயிற்று.

கோயிலில் குழந்தை என் மடியில் உட்கார்ந்து, முகத்துத் தழும்புகளை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தது. அந்த வேலை மும்முரத்தில் முதல் காது குத்தியது அதற்குத் தெரியவில்லை. இரண்டாவது காதுக்குச் சேர்த்து வைத்து அழுது, என் பட்டு வேட்டியையும் நனைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தங்கை குழந்தையை வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரம் இவளுக்கு வேக்சின் போடணும்ணே" என்றாள்.

வேக்சின்! அந்தச் சொல்லுக்குள் லத்தீன் பசுமாடு ஒன்று நிற்கிறது. ஆவலோடு வாயைத் திறந்தேன். மனைவி அதில் ஒரு கை கேசரியை அடைத்தாள்.

பசு இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.