மூன்று குறியோடு நின்ற சக்கரம்

கண் முன்னே அசையாமல் நிற்கும் ஒன்று உண்மையில் நிற்கவில்லை என்பதை ஒருவருக்கு எப்படி நம்பவைப்பது? வவுனியாவில் பட்டம் முடித்து, வட்டக்கச்சி அரிசி ஆலையொன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலை இந்தக் கேள்வி எழுந்தது.

உமியை ஊதித் தள்ளும் விசிறி வேகம் குறைந்து ஓடுவதாகச் சந்தேகம். அளப்பதற்கு, விட்டுவிட்டு மின்னும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். எதையும் தொடத் தேவையில்லை. மின்னும் வேகமும் சுழலும் வேகமும் பொருந்தினால் விசிறியைச் சுழற்றும் சக்கரம் நிற்பதுபோல் தெரியும். அப்போது விளக்கு காட்டும் எண்ணே அதன் வேகம். சக்கரத்தின் இரும்பு மூடியைக் கழற்றி, இருட்டாக இருக்கக் கதவுகளைச் சாத்தியிருந்தோம், இயந்திரம் ஓட்டுபவரும் நானும்.

ஆலையைத் துப்புரவு செய்யும் அக்கா வெள்ளிதோறும் அந்தச் சக்கரத்தில் விபூதியால் மூன்று குறி இழுத்துப் பூ வைப்பார். அதன் பின்பே இயந்திரம் ஓடும். அன்று குறி இழுத்தாயிற்று; அவர் பூப் பறிக்கப் போயிருந்தபோதே ஓடவிட்டோம்.

சாம்பல் வளையமாகச் சுழன்ற குறிகள், விளக்கின் குமிழைத் திருகத் திருக மெல்ல ஊர்ந்தன, சற்றுப் பின்னோக்கியும் நகர்ந்தன, பிறகு நின்றன. விரலின் தடம்கூடத் தெரிந்தது. சுற்றிலும் அத்தனை இரைச்சல். சக்கரம் மட்டும் செத்ததுபோல் இருந்தது. இயந்திரம் ஓட்டுபவர் சிரித்தபடி வெளியே போய், தம்பி வெளிச்சம் அடித்தே மெசினை நிப்பாட்டிப்போட்டார் என்று அக்காவிடம் பகிடி விட்டிருக்கிறார்.

எண்ணை வாசித்து நிமிர்ந்தபோது, பூவை ஏந்திய அக்காவின் கை குறிகளுக்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. கத்தினேன், இரைச்சலில் கேட்கவில்லை. விளக்கை அணைத்தேன். கூரை இடுக்கால் விழுந்த மங்கல் ஒளியில் குறிகள் கரைந்து வளையமாயின. அவர் கையை இழுத்துக்கொண்டார். பூவைச் சக்கரம் பறித்துக்கொண்டது.

வெளியே அழைத்துவந்து விளங்கப்படுத்தினேன். அவர் விரல்களைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நிண்டது தம்பி. நான் கண்ணால பாத்தனான்."

"இல்லையக்கா, சுத்திக்கொண்டுதான் இருந்தது."

"பூ வைக்கட்டும் எண்டு நிண்டது. நீங்கள் லைட்டை நூத்த பிறகுதான் சுத்தினது."

அவர் பொய் சொல்லவில்லை. நானும் அதைத்தான் பார்த்திருந்தேன்.

அந்த விளக்கை ஆலையில் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. மூடிக்குள்ளேயே ஓர் உணரியைப் பொருத்தியிருக்கிறோம்; வேகம் வெளிச்சுவரில் எண்ணாகத் தெரிகிறது. மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டிய பிறகே மூடியைக் கழற்றுகிறோம்.