இரண்டு வீட்டுப் பயம்

சீனியம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவன். சோலைச்சாமி என்று குலசாமி பெயரையே வைத்தாள். ஏழு மாதமாகியும் தலை நிற்கவில்லை. பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறிக் கண் செருகிவிடும். ராஜபாளையத்தில் பார்த்த வைத்தியமெல்லாம் தீர்ந்து, கடைசியில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளையின் கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்த டாக்டர், இது பிறவியிலேயே வந்தது, மங்கோலிசம் என்று பெயர், இதற்கு மருந்து கிடையாது என்று சொன்னார்.

"எல்லாமே மெதுவாத்தான் வரும்மா. சளி பிடிக்காமப் பாத்துக்கோ. இந்தப் பிள்ளைகள்ல நெறையப் பேருக்கு நெஞ்சு பலமா இருக்காது."

அந்தக் கடைசி வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சுக் காற்று சூடாக வந்து பட்டது. விரலை எடுத்தால் மறுபடியும் சந்தேகம்.

இன்னொரு பயமும் இருந்தது. புருஷன் ஆவுடையப்பன் பட்டாளத்தில் இருந்தான். பிள்ளை முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. ஆடியில் லீவுக்கு வருவான். வந்து பார்த்துவிட்டு என்ன சொல்வான்?

திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்.

"புள்ளைக்கு எம்புட்டு மாசம் ஆகுது தாயி?"

சீனியம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். கேட்டவள், தன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமியின் முகத்தை மெல்ல இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதே சாய்ந்த கண். அதே சப்பை மூக்கு. உதட்டோரம் எட்டிப் பார்க்கும் நாக்கு நுனி. தன் மகனே வளர்ந்து அந்த மடியில் கிடப்பதுபோல் சீனியம்மாளுக்குத் தோன்றியது.

"எம் மக ரஹ்மத்து. நாலு வயசாச்சு. நடக்கா, அப்பனைப் பாத்து அத்தாங்கா, அடிக்கவும் செய்தா. நீ எதுக்கு மூடுத?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த பீர் மைதீனின் மனைவி அவள். பெயர் ஹபீபுன்னிசா. அன்றைக்கு சீனியம்மாள் ராஜபாளையம் போகாமல் அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கிவிட்டாள். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, தாடையை விரலால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டுவது எப்படி என்று அந்த வீட்டு அடுப்படியில்தான் கற்றுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக சோலை புரையேறாமல் வயிறு நிறையக் குடித்தான்.

ஆடி வந்தது. ஆவுடையப்பன் வருகிற நாள் தெரிந்தது. வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியில் சீனியம்மாள் சுற்றிய துணியெல்லாம் கோணலாகப் போனது. ஹபீபுன்னிசாவிடம் போய் அழுதாள்.

"அவிய என்னைய விட்டுட்டுப் போயிருவாகக்கா. பட்டாளத்துல போயி எப்படிச் சொல்லுவாக, எம் மவன் இப்படின்னு?"

ஹபீபுன்னிசா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பீர் மைதீன் அதிகம் பேசாதவர். "நான் வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார். ஆவுடையப்பன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தொட்டிலில் கிடந்தவனைக் குனிந்து பார்த்தவன், நிமிரவேயில்லை. சீனியம்மாள் கதவை ஒட்டி நின்றாள். வெளியே நின்ற பீர் மைதீன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தம்பி, செத்த நேரம் என்கூட நடந்துட்டு வாங்க."

இரண்டு ஆம்பிளைகளும் போனார்கள். பொழுது சாயத் தொடங்கியும் ஆளைக் காணோம். ரயில் ஊதும் சத்தம் கேட்டபோது, அதில் ஏறிப் போய்விட்டான் என்றே சீனியம்மாள் முடிவுகட்டிவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆவுடையப்பன் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. கையலம்பிவிட்டு வந்து, பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும் என்று கேட்டான். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

"பாய் ஒரு வருசம் மகளைத் தொடவே இல்லையாம். சொல்லும்போதே அந்த மனுசன் அழுதுட்டாரு" என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து விடவில்லை. சோலை மூன்று வயதில் நடந்தான். ரஹ்மத்து கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். அவளுக்கு நெஞ்சில் ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். எண்பத்தொன்பதாம் வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒன்பது வயதில் ரஹ்மத்து போய்ச் சேர்ந்தாள்.

சீனியம்மாள் துக்கத்துக்குப் போனாள். அவள் இடுப்பில் இருந்த சோலையைப் பார்த்ததும் ஹபீபுன்னிசா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். சீனியம்மாளுக்குப் புரிந்தது. அப்புறம் அங்கே போகவில்லை. ஆறுதல் சொல்லப் போகமுடியாத துக்கம் ஒருபுறம். அதே சாவு தன் வீட்டுக்கும் வழி கேட்டு வரும் என்கிற பயம் மறுபுறம்.

மார்கழியில் வந்தேவிட்டது. சோலைக்குச் சளி முற்றி, விலா உள்வாங்கி, உதடு நீலம் பாரித்தது. ஆவுடையப்பன் எங்கோ எல்லையில். ரஹ்மத்து கிடந்த அதே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள். கூட வந்த, கம்பெனியில் வேலை பார்க்கிற செல்லத்தாய், "அந்த அக்காவுக்குச் சொல்லியனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்டி. பெத்த வயிறு எரிஞ்சு கிடக்கு. இங்க வந்து அது இன்னும் என்னத்தப் பாக்க?"

பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி, "இப்படிப் பிள்ளை இருந்தும் என்ன, போயும் என்ன?" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சண்டை போடக்கூட சீனியம்மாளுக்குத் தெம்பில்லை.

செல்லத்தாய் சொல்லைக் கேட்கவில்லை. மத்தியானம் சீனியம்மாள் தலை நிமிர்ந்தபோது வார்டு வாசலில் ஹபீபுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வைக்கத் தூக்கிய கால் அப்படியே பின்வாங்கியது. எதற்கும் பயப்படாத அக்கா, கண்ணெதிரே பயந்து நின்றாள். சீனியம்மாள் எழுந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க வெளியவே இருங்கக்கா. வந்ததே போதும்."

"என்னைய விட்ராத புள்ள. கையப் பிடிச்சே கூட்டிட்டுப் போ."

இருவருமாக உள்ளே போனார்கள். ரஹ்மத்து கிடந்த கட்டிலை ஹபீபுன்னிசா பார்க்காமலே தாண்டினாள். சோலையைப் பார்த்ததும், "மல்லாக்கப் படுக்க வைக்காத, நெஞ்சோட சாத்திப் பிடி" என்று சொல்லித் தானே அவனை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டாள். ஊசியும் ஆக்சிஜனும் ஒரு பக்கம், இந்த இரண்டு பொம்பிளைகள் மாறி மாறிச் சாய்த்துப் பிடித்தது ஒரு பக்கம். உதட்டின் நீலம் வெளுத்து, ஒரு காலையில் சோலை கண்விழித்து ஹபீபுன்னிசாவின் காதுத் தொங்கட்டானைப் பிடித்து இழுத்தான். அவள் அவனைச் சீனியம்மாளின் கையில் போட்டுவிட்டு வெளியே போய், வாய்விட்டு அழுதாள். மகள் மௌத்தாகி அடக்கமான அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லையாம்.

சோலை இருந்தான். வளர்ந்தான். பதிமூன்று வயதில் கம்பெனிக்கு அம்மாவோடு வந்து துணி மடித்துக் கொடுத்தான். தொண்ணூற்றாறில் மம்சாபுரத்தில் கருத்தம்மா என்கிற கூலிக்காரிக்கு இதேபோல் ஒரு குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சீனியம்மாளும் ஹபீபுன்னிசாவும் பஸ் ஏறிப் போனார்கள். குழந்தையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கருத்தம்மா கேட்டாள்.

"இந்தப் பயம் எப்பக்கா போவும்?"

ஹபீபுன்னிசா சீனியம்மாளைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் போவலம்மா" என்றாள் சீனியம்மாள். "பிள்ளைய இங்க குடு. நீ போயி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வா."