போர் தண்ணிக்கு ஒத்த மீன்

வலை இழுக்கும்போது படகிலேயே விழுந்து என் வீட்டுக்காரருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. டிவியை ஓடவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், தோள் வலிக்கிறது என்பார்.

நான் ஆரோவில்லில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறேன். அந்த வீட்டம்மா ஊரைவிட்டுப் போனபோது ஒரு மீன் தொட்டியை என்னிடம் கொடுத்தார். அதை எங்கள் ஊர் மரக்காணம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

"கடல்காரன் வீட்ல கண்ணாடித் தொட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் மீன் வாங்க என்னோடு பாண்டிச்சேரிக்கு வந்தார்.

எனக்கு ஏஞ்சல் மீன் பிடித்திருந்தது. கடைக்காரம்மா முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

"போர் தண்ணிதாங்க. குடத்துல வெள்ளையா படியும்."

"அப்போ ஏஞ்சலுக்கு ஒத்துக்காதும்மா. ஜீப்ரா சிக்லிட் எடுத்துக்குங்க. இந்தத் தண்ணியில நல்லா இருக்கும். புதுசா வளக்கறவங்க வீட்லகூட சுலபமா குஞ்சு பொரிக்கும். நம்ம ஜிலேபி மீனுக்குச் சொந்தம்தான்."

"ஏரியில கெடக்கிற ஜிலேபிக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்களாக நாலைந்து வாங்கினோம். அவையாகவே ஜோடி சேரட்டும், சேர்ந்ததும் மற்றதையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஜோடி அடித்தே கொன்றுவிடும் என்றார் கடைக்காரம்மா. அதேபோல் நடந்தது. மிச்சத்தை என் வீட்டுக்காரரே பாண்டிச்சேரிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

தொட்டியில் படுக்கவைத்த சின்ன மண்சட்டிக்குள் பெண் மீன் முட்டையிட்டது. அவரை நலம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். மிரண்டுபோன மீன்கள் முட்டைகளைத் தின்றுவிட்டன. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த முறை முட்டையிட்டதும் தொட்டியைச் சுற்றி என் பழைய புடவையைக் கட்டிவிட்டு, வந்தவர்களை வாசலோடு அனுப்பினார்.

குஞ்சுகள் பொரித்து, தூசிபோலக் கூட்டமாக நீந்தத் தொடங்கின. ஒரு மத்தியானம் நான் புடவையை விலக்கித் தொட்டியைத் துடைக்கப் போனபோது ஆண் மீன் கண்ணாடியில் வந்து முட்டியது.

"கோவக்காரன்" என்றேன்.

"கோவம் இல்ல. பயத்துலதான் அப்படிப் பண்ணுது" என்றார். தொட்டியைப் பார்த்தபடியே, "தோளு எப்பவோ சரியாயிடுச்சு. படகுல ஏறத்தான் பயமா இருக்கு" என்றார்.

நான் துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ போவாத."

"ஊர்ல என்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். அவங்களா வந்து சோறு போடறாங்க?"

மறுநாள் காலையில் அவரே, தன்னோடு படகில் பங்கு வைத்திருக்கும் பங்காளியைப் பார்க்கப் போனார். பங்காளி கோபித்துக்கொள்வார் என்று பயந்து நானும் பின்னாலேயே போனேன். பங்காளி மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "என் படகு கவுந்த வருஷம் நானும் கரையிலதாம்பா இருந்தேன். வீட்ல கேட்டப்போ காய்ச்சல்னு சொல்லிட்டேன்" என்றார்.

இப்போது என் வீட்டுக்காரர் கரையில் மீனை எடைபோட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கும் வேலை பார்க்கிறார். கடலுக்குப் போவதைப் பற்றி நான் கேட்பதில்லை. குஞ்சுகள் வளர்ந்ததும் பாதியைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்தோம். மீதியைப் பங்காளி தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.